பம்பாயில் இருக்கான்

எங்கள் பக்கத்தில் 'கோட்டி' என்றொரு சொல் உண்டு. பைத்தியம் என்று அர்த்தம். மழையில் நனைந்துகொண்டு வந்தால் ஆச்சி முந்தானையால் தலையைத் துவட்டியபடி "கோட்டிக்காரப் பயபுள்ள, இப்பிடியா வருவ" என்பாள். அப்போது அந்தச் சொல் இனிக்கும். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது வசவு இல்லை, பாதி நேரம் செல்லம்தான். அதே சொல்லை 1998 தைப்பொங்கல் கழிந்த ஒரு மாலையில், பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தாழ்ந்த குரலில் கேட்டேன். "மூத்தவனுக்குக் கோட்டி புடிச்சிருச்சாம்லா." எனக்கு அப்போது 15 வயது. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் செல்லத்துக்குக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

முக்கூடலுக்குப் பக்கத்தில், தாமிரபரணியை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா பீடிக் கடையில் கணக்கப்பிள்ளை. அம்மா, தெருவிலிருந்த மற்றப் பெண்களைப் போலவே, பீடி சுற்றுவாள். அண்ணன் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவன். பொங்கல் லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஆற்றில் விழுந்தால் கண் சிவக்கும்வரை ஏறாதவன், குளிக்கவே மாட்டேன் என்றான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். டீக்கடையில் நாலு பேர் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்றான்.

ஒரு மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. அம்மா நடை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டி வைத்த இலை. அண்ணன் அவள் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னான்: "யம்மா, ரெண்டு பேரு பேசிக்கிட்டே இருக்கானுவோ. இப்போ எந்திரிக்கான், இப்போ தண்ணி குடிக்கான், இப்போ அம்மைட்ட சொல்லப் போறான்னு. உனக்குக் கேக்கலியா?" அம்மாவின் விரல் நின்றது. பாதி சுருட்டிய இலை மெதுவாகப் பிரிந்து தூள் தட்டில் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னாள்: "கேக்குதுய்யா."

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் தனியாக மாட்டிக்கொண்டுவிடக் கூடாது என்று அப்படிச் சொன்னாள். இப்படி நடப்பதை இரண்டு பேர் பேசிப் பேசி விவரிப்பது போன்ற குரல், ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயில் மருத்துவர்கள் முக்கியமாகக் கேட்டறியும் அறிகுறி என்பதும், அந்த நோய் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில்தான் தலைகாட்டும் என்பதும், நூற்றில் ஒருவர் அளவுக்கு உலகமெங்கும் உண்டு என்பதும் எங்களுக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது. தெரியாமல் போனதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள நாங்கள் பயந்தோம்.

முதலில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் வந்தன. பிறகு சங்கரன்கோவில். கோமதியம்மன் சந்நிதி முன்னாலிருக்கும் சக்கரத்தில் உட்கார வைத்தால் சித்தம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணன் அங்கே ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்தோம். அதற்கப்புறம் புளியம்பட்டி அந்தோணியார் கோவில். நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. அதை அங்கே யாரும் கேட்கவுமில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் போய், ஒரு தடவை அங்கேயே தங்கியும் பார்த்தோம். அம்மா இன்றைக்கும் சொல்வாள்: "அந்தப் பதிமூணு நாளுதான் நான் நல்லாத் தூங்கினேன்." ஏனென்றால் அங்கே சுற்றி இருந்த எல்லா வீட்டுக்காரர்களிடமும் இதே கதைதான். தானாகப் பேசுகிற பையன் ஒரு காட்சிப்பொருள் இல்லை. பக்கத்துப் பாயில் இருந்த அம்மாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, "உங்களுக்கு எத்தன நாளாச்சு" என்று மட்டும் கேட்டாளாம்.

இதனால்தான், கோவிலுக்குப் போகிறவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் குடும்பம் கோவில்களில் தேடியது குணத்தை மட்டுமல்ல. செய்வினை, காத்து, கருப்பு என்றால் அது வெளியிலிருந்து வந்தது. யாரோ வைத்தது, யாரோ எடுத்துவிடலாம். வீட்டுக்குக் குறை இல்லை. நோய் என்று ஒரு டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால் அது ரத்தத்துக்குள் வந்துவிடுகிறது. அப்புறம் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்? பேய் பிடித்தவனின் தங்கைக்குக் கல்யாணம் நடக்கும், நோயாளியின் தங்கைக்கு நடக்காது. இந்தக் கணக்கை யாரும் எங்கள் வீட்டில் வாய்விட்டுப் போட்டதில்லை. ஆனால் எல்லோரும் போட்டிருந்தோம். அந்தத் தங்கை நான்.

பம்பாய்க் கதை அப்படித்தான் பிறந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவராவது தாராவியில் இருப்பார்கள் என்பதால் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். வெளியூர்ச் சொந்தம் கேட்டால் "மூத்தவன் பம்பாயில இருக்கான், ஒரு கம்பெனியில" என்று அப்பா ஒரு மூச்சில் சொல்லப் பழகிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் இருந்த அம்மாவின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் ஏன் பார்க்க வரவில்லை என்று அழுதாள். அம்மா என் கையில் ஓர் இன்லாண்ட் லெட்டரைக் கொடுத்தாள். ஆச்சி முன்னால் உட்கார்ந்து, அதில் இல்லாத வரிகளை நான் வாசித்தேன். "அன்புள்ள ஆச்சிக்கு, நான் நல்ல சொகம். இங்க மழை ரொம்ப. தீவாளிக்கு வாரேன்." ஆச்சி அந்தக் காகிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணன் அப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில், கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். ஆச்சி 2000-இல் இறந்தாள். இன்றுவரை நான் செய்ததிலேயே என்னால் மன்னிக்க முடியாத காரியம் அந்த வாசிப்புதான்.

ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் பொடியன்கள் அவன் மேல் கல் எறிந்திருக்கிறார்கள். அவன் யாரையும் திரும்ப அடித்ததில்லை. இந்த நோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிட பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்று பின்னால் படித்தபோது எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை. அவன் நெற்றித் தழும்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதே ஊர், வெளியூரிலிருந்து யாராவது பெண் விசாரிக்க வந்தால் வாயைத் திறக்காது. "ஒரு பொம்பளப் புள்ள வாழ்க்கை" என்று கல் எறிந்த வீட்டுக்காரியே எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அந்த அன்பை நான் மறுக்க மாட்டேன். அந்த அன்புக்கு உள்ளேதான் அண்ணன் அடைபட்டுக் கிடந்தான்.

2001 ஆடி மாதம் ஒரு உறவுக்காரர் அப்பாவிடம் ஏர்வாடி பற்றிச் சொன்னார். நாங்குநேரிப் பக்கம் இருக்கும் ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் இருக்கின்றன, மாதம் பணம் கட்டினால் பார்த்துக்கொள்வார்கள், "புள்ள கல்யாணம் முடியுற வரைக்குமாவது" என்றார். அப்பா பஸ் விவரம்கூட விசாரித்துவிட்டு வந்தார். ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படியொரு விடுதியின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மறுநாள் பேப்பரை அப்பா நின்றபடியே வாசித்தார். நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரைக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், பல மாதம் கழித்துக் குளிக்க வைத்து, முதுகு தேய்த்துவிட்டுக் கூட்டி வந்தார்.

அந்த 28 பேரையும் அவர்கள் வீட்டார் வெறுத்துக் கொண்டுபோய் விட்டார்கள் என்று அப்போது பலரும் பேசினார்கள். எங்கள் அப்பாவும் பஸ் நேரம் கேட்டு வைத்திருந்தவர்தான். அவர் மகனை வெறுக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அப்படிப்பட்ட விடுதிகளை அரசு மூடியது, எல்லாம் நடந்தது. எங்கள் வீட்டில் ஒரு முடிவு மட்டும் ஆனது. அண்ணனை எங்கும் அனுப்புவதில்லை. ஆஸ்பத்திரிக்கும்தான்.

அடுத்த வருடம் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவின்போது, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சொல் வந்தது. எங்கள் பெரியப்பா முறை ஒருவர் அந்தக் கோவிலின் கோமரத்தாடி. மேளமும் வில்லுப்பாட்டும் உச்சத்துக்குப் போகையில் அவர்மேல் சாமி வரும். பந்தத்தைக் கையில் பிடித்தபடி மயானத்துக்கு ஓடுவார். ஊரே அவர் காலில் விழும். கொடை முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அண்ணனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் சொன்னார்: "எலே, நானும் முப்பது வருசமா சாமியாடுதேன். எனக்கு மேளம் அடிச்சா வரும், மேளம் நின்னா போயிரும். இவனுக்கு மேளமே இல்லாம வருது, போவவும் மாட்டேங்கு. இது சாமி இல்லடே. வேற எதுவும் இல்ல. சீக்கு. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை இத்தனை வருடம் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம். "புள்ள கல்யாணம் முடியட்டும்ணே."

என் கல்யாணம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாப்பிள்ளை வீடு களக்காட்டுப் பக்கம். பெண் பார்க்க வந்த அன்று அண்ணனைச் சித்தப்பா வயக்காட்டுப் பம்புசெட்டு அறைக்குக் கூட்டிப் போய்விட்டார். "பொண்ணுக்கு அண்ணன் ஒருத்தர் உண்டுல்லா?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார். "பம்பாயில இருக்கான்" என்றார் அப்பா. நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். 2003 ஆவணியில் கல்யாணம். அன்றைக்கும் அதே பம்புசெட்டு அறை. வெளியே பூட்டு. உள்ளே பாய், தண்ணிக் குடம், வாழையிலையில் கட்டிய இட்லி. வேட்டியும் சட்டையும் புதுசு, மாப்பிள்ளைக்கு எடுத்த கடையிலேயே அவனுக்கும் எடுத்திருந்தார் அப்பா. பனைமரத்தில் கட்டியிருந்த ரேடியோசெட்டுக் குழாய் வயக்காட்டுப் பக்கம்தான் திரும்பியிருந்தது. முகூர்த்தம் முடிந்ததும் சித்தப்பா வந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா என் காதில் சொன்னாள்: "நல்லாத் தூங்குதானாம். நீ அழாத."

நான் மாமியார் வீட்டுக்குப் போன பிறகு, ஐப்பசியில் அவனைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். முக்கூடலில் பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி. இதை அம்மா சொல்லிக் கேட்டதுதான். டாக்டர் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டிருக்கிறார். அப்பா, "ஒரு ஆறு மாசமா சார்" என்றாராம். அம்மா அப்பாவை அதுவரை வெளி ஆட்கள் முன்னால் எதிர்த்துப் பேசியதே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாளாம்: "மாசம் இல்ல சார். வருசம். ஆறு வருசம் ஆவப்போவுது."

இந்த நோய்க்கான முதல் மருந்து 1952-இல் பாரிஸில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இலவசமாகக் கிடைத்த மருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர 2003 ஆனது. எத்தனை சீக்கிரம் மருத்துவம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மீள்வது நன்றாக இருக்கும், தள்ளிப் போகப் போக மருந்து பிடிப்பது கடினமாகும் என்று டாக்டர் சொன்னார். ஆறு வருடம். அவனுடைய 20-லிருந்து 26 வரை. அதில் கடைசி ஒன்றரை வருடம் என் தாலிக்காக.

ஊசியும் மாத்திரையும் தொடங்கி இரண்டு மாதத்தில் குரல்கள் தூரமாகிவிட்டன என்றான். முற்றிலும் போகவில்லை, "பக்கத்துத் தெருவுல பேசுத மாதிரி" என்றான். கை விறைப்பும் நடுக்கமும் வந்தது. அது மருந்தின் பக்கவிளைவு, அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் ஊர் வேறு மாதிரி வாசித்தது. "நல்லாத்தான இருந்தான், மாத்திரையைத் தின்னு இப்பிடி ஆயிட்டான்." ஆறு வருடம் கோட்டிக்காரனாக இருந்தவன், மருந்து சாப்பிட்டவுடன் 'நல்லாத்தான் இருந்தவன்' ஆகிவிட்டான்.

என் விஷயம் சீக்கிரமே வெளியே வந்தது. ஒரு சடங்கு வீட்டில் யாரோ என் மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். என்னை ஏமாற்றுக்காரி என்று அவர் சொன்னபோது நான் வாதாடவில்லை. சொன்னது உண்மைதானே. தாய் வீட்டில் ஏழு மாதம் இருந்தேன். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், அண்ணனோடு ஆற்றங்கரை வரை நடந்து போனார், திரும்பி வந்து என்னிடம், "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்" என்றார். அந்த ஒரு வரிக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவரே டாக்டரிடம் வந்து பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வரலாம், வராமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம், கூடப்பிறந்தவரின் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு என்றார் டாக்டர். ஒருவர் எங்களிடம் எண்ணைச் சொல்லிப் பேசியது அதுதான் முதல்முறை. பயத்துக்கு அளவு தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த ஏழு மாதத்தில்தான் அந்த பெஞ்சு. 2004-இல் ஒரு நாள் அம்மா, அண்ணன், நான் மூவரும் ஓ.பி. சீட்டோடு மனநலப் பிரிவின் வெளி வராந்தாவில் காத்திருந்தோம். அம்மா எப்போதும்போல முந்தானையால் தலையை மூடியிருந்தாள். எதிர் பெஞ்சில் இன்னொரு பெண்ணும் அதே மாதிரி முந்தானையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். கையில் ஒரு கைக்குழந்தை. நர்ஸ் பெயரைக் கூப்பிட்டபோது அந்தப் பெண் திரும்பினாள். எங்கள் பக்கத்து வீட்டு மதினி. 1998-இல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசிய அதே குரல்.

"என்ன மதினி, இங்கன?" என்றாள் அம்மா.

"பல்லு வலி மதினி."

"எனக்கும் கண்ணு பாக்கத்தான்."

பல்லுக்கும் கண்ணுக்கும் அந்த வராந்தாவில் என்ன வேலை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மதினி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து மகள் தூங்குவதில்லை, பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறாள், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது என்று, அழாமல், மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு, "அன்னைக்கு நான் உம்ம மவனைப் பத்தி…" என்று தொடங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். ஒருவர் இன்னொருவர் வீட்டுக்கும் சேர்த்து மருந்து வாங்கி வருவார்கள். மதினியின் மகள் ஒரு வருடத்துக்குள் நன்றாகிவிட்டாள்.

ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது தெரிந்தது. பத்தில் ஒருவர். நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் மருத்துவம் பெறாமல் இருந்தார்கள். இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருதான் தெரிகிறது. நாற்பது வீடு. எத்தனை பின்கட்டு, எத்தனை பம்பாய்.

அம்மா மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். காலி அட்டைகளை அடுப்பில் எரித்துவிடுவாள். குப்பையில் யாரும் பார்த்துவிடக் கூடாது. கேட்டால் சுகர் மாத்திரை. அண்ணன் தேறி, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்று வருடம் ஒரு நாள் லீவு போடாமல் போனான். ஒரு நாள் சாப்பாட்டுப் பையில் இருந்த மாத்திரையைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். என்ன மாத்திரை என்று மருந்துக் கடையில் விசாரித்திருக்கிறார். அடுத்த மாதம் வேலை இல்லை. "நல்ல பையன்தான், ஆனா கஸ்டமர் வார இடம்" என்றாராம். தான் நன்றாக இருக்கிறேன் என்று காட்ட அண்ணன் மாத்திரையை நிறுத்தினான். நாற்பது நாளில் அந்த இரண்டு பேரும் பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள். 2008-இல் அவனை இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்று வருட வேலையால் முடியாததை ஒரு மாத்திரை முடித்துவைத்தது.

தமிழ்நாட்டில் யாரையாவது வைய வேண்டுமென்றால் 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னால் போதும். 1794-இல் தொடங்கிய ஒரு பழைய அரசு மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. இதய நோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரை யாரும் வசவாக ஆக்கவில்லை. சினிமா கிண்டல், பட்டிமன்றக் கிண்டல் எல்லாம் கேட்டுச் சிரிக்கும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிப் பார்ப்பேன். யாரோ ஒருவர் சிரிக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய்ப் பேச வேண்டும்போல இருக்கும்.

சட்டம் எங்களைவிட வேகமாக நகர்ந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்சிகிச்சை தரக் கூடாது என்கிறது. அம்மா எப்போதும் பயந்தது அந்தக் 'கரண்டு'க்குத்தான். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் சொல்கிறது. 14416 என்ற எண்ணில், டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. கூப்பிட்டால் தமிழில் பேசுகிறார்கள், பணம் கிடையாது. மதினியின் பேத்திக்குப் பரீட்சை நேரத்தில் நான்தான் அந்த எண்ணைக் கொடுத்தேன்.

ஆனால் ஓர் அட்டை விஷயம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அண்ணனுக்கு அடையாள அட்டை வாங்கினோம். அதை வைத்து உதவித்தொகைக்கு மனு போடலாம். அட்டையில் அவன் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்த வகையும் அச்சாகியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மனுவோட இதை வி.ஏ.ஓ. ஆபீசுல குடுக்கணும்லா?" "ஆமா." "அங்க நம்ம தெருப் பய ஒருத்தன் வேலை பாக்கான்." அட்டையை பீரோவில் வைத்துவிட்டான். அது அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பணம் எங்களுக்குத் தேவைப்படாத பணம் இல்லை.

தாய்மாமன் மடி என்பது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மகளுக்குக் காது குத்தும்போது சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அண்ணன் வரவேயில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. 2010-இல் மகனுக்குக் காது குத்தும்போது என் மாமியாரே சொன்னார்: "தாய்மாமன் இருக்கும்போது எதுக்கு வேற மடி?" அந்த ஆறு வருடத்தில் அவருக்கும் மனம் மாற ஏதோ நடந்திருந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோவிலில், ஆலமரத்தடியில், அண்ணன் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தான். மடியில் என் மகன். அண்ணனின் கை லேசாக நடுங்கியது. காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்துவிட்டு அவன் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "தலையை நெஞ்சோட சேத்து அணைச்சுப் பிடிங்க மாமா, அது போதும்" என்றார். அப்பா கொஞ்சம் தள்ளி, மரத்துக்குப் பின்னால், தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா இப்போது இல்லை. அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தானே பஸ் ஏறி ஹைகிரவுண்டு போய் வருகிறான். மாத்திரை அட்டைகளை எரிப்பதில்லை, ஜன்னல் விளிம்பில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறான். அம்மாவுக்கு விரல் மடங்குவதில்லை, பீடி விட்டாயிற்று.

இதை எழுதி முடித்து, போன வாரம் ஊருக்குப் போய் அவனிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் வாசித்தான். இன்லாண்ட் லெட்டர் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினான். "ஆச்சி அதை மோந்து பாத்தாளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வாசித்து முடித்ததும், "பேரைப் போடாத. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றான். பிறகு காகிதங்களைப் புரட்டி என் கல்யாணம் வரும் பக்கத்தை எடுத்து, விரலால் ஒரு வரியைக் காட்டினான்.

"இது தப்பு. நல்லாத் தூங்குதானாம்னு எழுதியிருக்க. நான் தூங்கல. சித்தப்பா ஜன்னல் வழியா பாக்கும்போது கண்ணை மூடிக்கிட்டேன். கெட்டிமேளம் கேட்டுச்சு. எந்திரிச்சு நின்னேன். இட்லிப் பொட்டலத்துல ஒரு பூ வச்சிருந்தா அம்மா. அதைப் பிச்சு, உங்க பக்கமாப் பாத்துப் போட்டேன்."